பதினோராவது பிள்ளை

அவள் மண்டியிட்டபடியே அடுத்த பிள்ளையிடம் நகர்ந்தாள்.

சுவரோரம் பதினோரு பேர், காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். எல்லாம் ஐந்து வயது, ஆறு வயது. அடியில் தகடு வைத்த டேப் டான்ஸ் ஷூவை மாட்டத் தெரியும். நாடா கட்டத் தெரியாது. மரத்தரையில் தகடு வழுக்கும். நாடா அவிழ்ந்தால் யாராவது மூக்கை உடைத்துக்கொள்வார்கள்.

மற்ற டீச்சர்கள் இந்த வேலையை ஆயாவிடம் தள்ளிவிடுவார்கள். இவள் விடமாட்டாள். இருபத்திரண்டு ஷூவுக்கும் இவளேதான்.

வர்ணிகாவுக்கு எப்போதும் கடைசியில்.

கடைசிப் பிள்ளை என்றால் அவசரம் இல்லை. "மிஸ், எனக்கு! மிஸ், எனக்கு!" என்று பக்கத்தில் யாரும் பிடுங்க மாட்டார்கள். குதிகாலைக் கையில் ஏந்திக்கொள்ளலாம். சுருண்ட சாக்ஸை இழுத்துவிடலாம். வேண்டுமென்றே ஒரு தடவை தப்பாகக் கட்டி, அவிழ்த்து, மறுபடி கட்டலாம்.

வர்ணிகா அவள் பெற்ற பிள்ளை.

வர்ணிகாவுக்கு அது தெரியாது.

பிரியும்போது பிள்ளைக்கு ஒன்றேகால் வயது. அவள் மருந்தும் மயக்கமுமாகக் கிடந்த நாட்கள். கோர்ட் பிள்ளையை அப்பாவிடம் கொடுத்தது. கொடுத்தது தப்பு என்று அவளாலும் சொல்ல முடியவில்லை.

அவன் மறுபடி கல்யாணம் செய்துகொண்டான். பிள்ளை அந்தப் பெண்ணைத்தான் அம்மா என்கிறது. தங்கமான பெண் என்று கேள்வி. அதுதான் இன்னும் கஷ்டம்.

போன ஜூனில் அவனே போன் செய்தான்.

"டான்ஸ் கிளாசுக்கு அனுப்பறேன். மிஸ்ஸா இருந்து பாத்துக்கோ. அம்மான்னு ஒரு வார்த்தை வந்துச்சு, அன்னைக்கே நிறுத்திருவேன்."

"சரிங்க" என்றாள். வேறென்ன சொல்வது?

சனிக்கிழமை காலை ஒரு மணி நேரம். முதல் பாதி டேப். இரண்டாவது பாதி ஜாஸ், வெறுங்காலோடு. ஷூவைக் கழற்ற யாருக்கும் மிஸ் வேண்டாம்; உதறினால் அது ஒரு மூலைக்குப் பறக்கும். ஆக, நாடா கட்டும் அந்த நாலு நிமிடம்தான். அந்த நாலு நிமிடத்துக்காகத்தான் அவள் வாரம் முழுக்க உயிரோடு இருந்தாள்.

பத்தாவது பிள்ளைக்குக் கட்டி முடித்துத் திரும்பினாள்.

வர்ணிகா நாக்கைத் துருத்திக்கொண்டு இரண்டாவது ஷூவின் முடிச்சை இறுக்கிக்கொண்டிருந்தாள்.

"நானே கட்டிட்டேன் மிஸ். அம்மா சொல்லிக் குடுத்தாங்க."

நல்ல முடிச்சு. இரண்டு காது, ஒரே அளவு.

அந்த வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. யார் முதல் தடவை தானாக நாடா கட்டினாலும் மொத்த வகுப்பும் காலால் தரையைத் தட்டிக் கொண்டாடும். தகடு வைத்த கால்களுக்கு அதைவிடச் சந்தோஷம் ஏது? கீழே மருந்துக்கடைக்காரர் மேலே பார்ப்பார். வழக்கத்தை ஏற்படுத்தியதே அவள்தான்.

பத்துப் பேரும் காலைத் தூக்கிக்கொண்டு மிஸ்ஸைப் பார்த்தார்கள். அவள் தலையாட்டினால் போதும்.

"லூசா இருக்கு கண்ணு" என்றாள்.

கண்ணு என்று கோயமுத்தூரில் யாரையும் கூப்பிடலாம். யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

நாடாவைப் பிடித்து இழுத்தாள். ஒரே இழுப்பில் வரவில்லை. இரண்டாவது இழுப்பில் அவிழ்ந்தது.

பிள்ளைகள் ஒவ்வொருவராகக் காலைக் கீழே வைத்தார்கள்.

குதிகாலைக் கையில் ஏந்திக்கொண்டாள். சாக்ஸை இழுத்துவிட்டாள். ஐந்து வயதுப் பிள்ளையிடம் திருடுகிறோம் என்று அவளுக்கு நன்றாகவே தெரிந்தது. கை நிற்கவில்லை. அந்த ஷூவை முடித்து இன்னொன்றையும் அவிழ்த்துக் கட்டினாள்.

வர்ணிகா ஷூவைப் பார்க்கவே இல்லை.

"போ, வரிசைல நில்லு."

போய் நின்றாள்.

அவள் எழுந்து பாட்டைப் போடப் போனாள். பொத்தானை அமுக்குமுன் திரும்பிப் பார்த்தாள்.

வரிசை நடுவே வர்ணிகா தரையில் உட்கார்ந்திருந்தாள். மிஸ் கட்டிய இரண்டு நாடாவையும் அவிழ்த்துவிட்டிருந்தாள். அழுகை இல்லை, கோபம் இல்லை. நாக்கு மட்டும் வெளியே. ஒன்றைக் கட்டினாள். இன்னொன்றைக் கட்டினாள். எழுந்து பாவாடையைத் தட்டிவிட்டுக்கொண்டாள்.

மிஸ் தலையாட்டட்டும் என்று இந்தத் தடவை யாரும் காத்திருக்கவில்லை.

பத்துப் பேரும் தட்டினார்கள். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

வர்ணிகாவின் முகம் மலர்ந்துவிட்டது. மிஸ்ஸும் தட்டுகிறாளா என்று திரும்பிப் பார்த்தாள்.

அவள் தட்டினாள்.

பிள்ளைகள் எல்லாரும் நிறுத்திய பிறகும் தட்டினாள்.