நாலாவது சர்வர்

தேர்வு முடிவுகள் காலை பத்து மணிக்கு இணையத்தில் வெளியாக வேண்டும். இணையத்தில் குவியும் கூட்டத்தைத் தாங்க, சர்வர்க்காரர் ஒரே அச்சில் மூன்று மெய்நிகர் சர்வர்களை வார்த்து வைத்திருந்தார். வேலையைப் பங்கிட்டுக் கொடுக்கும் லோட் பேலன்சர் ஒவ்வொன்றையும் ‘இருக்கியா?’ என்று கேட்கும். ‘இருக்கேன்’ என்பவற்றுக்கே வேலை கொடுக்கும்.

ஒன்பதே முக்காலுக்கு நான்கு பதில்கள் வந்தன.

நாலாவதை நீக்கினார். அழையாத விருந்தாளி மாதிரி அது மறுபடி வந்து உட்கார்ந்துகொண்டது.

“என்னய்யா, எண்ணத் தெரியாதா?” என்றார் மேலாளர் அம்மா.

“கணக்குல நான் மக்குதான் மேடம். ஆனா மூணு வரைக்கும் தப்பு வராது.”

இயந்திர அறைக்குப் போய்ப் பார்த்தார். இயந்திரங்களை அடுக்கும் சட்டகத்தில் காலியாக இருந்த ஓர் அடுக்கு வெதுவெதுப்பாக இருந்தது. உள்ளே கையை விட்டால் கொழகொழவென்று ஒட்டியது. முகர்ந்தார், பல் துலக்காத வாயின் வாடை. மின்கம்பியையே பிடுங்கி இதை ஒழித்துவிடலாம் என்று குனிந்தார்.

அதற்குள் பத்தாகிவிட்டது. அவருடைய மூன்றும் முதல் நிமிடத்திலேயே மல்லாந்தன. நாலாவது மட்டும் அத்தனை பிள்ளைகளையும் சுமந்தது.

மேலாளர் அம்மா போனில் அழுதார். “எதிலயும் கை வச்சிடாதீங்க! என் பொண்ணு பாஸாயிட்டா. மத்த பிள்ளைங்களும் பாக்கட்டும்.”

அடுக்குக்குள் மூச்சு இரைத்தது. எச்சில் இழையாக வழிந்து அவர் செருப்பில் சொட்டியது. “சீ!” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டே, கைக்குட்டையால் உள்ளே துடைத்துவிட்டார்.

துடைக்க வசதியாக, உள்ளே இரண்டு உதடுகள் குவிந்து கொடுத்தன.