பதினேழாம் நம்பர் தலைப்பாகை

"செத்தவன் தலையிலேருந்து உருவுன துணி! தொட்டவன் கையை வெட்டணும்லா!"

கங்காணி பத்துமலையின் மனைவி கருப்பம்மாள் போட்ட கூச்சலில், ரப்பர் தோட்டத்து லயமே மாரியம்மன் கோயில் முன்னால் கூடிவிட்டது.

கருப்பம்மாளுக்குக் கோபம் வந்தால் முந்தானையை இழுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். அது அம்மன் கொடுத்த சேலை.

ஜப்பான்காரன் வந்ததிலிருந்து ஈப்போவை அடுத்த லகாட் பக்கம் எந்தக் கடையிலும் துணி கிடையாது. பெண்கள் கோணிச் சாக்கைச் சுற்றிக்கொண்டு, மரம் வெட்டிப் பால் எடுக்கப் போனார்கள். சில வீடுகளில் தாய்க்கும் மகளுக்கும் ஒரே சேலை. ஒருத்தி வேலைக்குப் போனால் மற்றவள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே கிடப்பாள்.

அம்மனுக்கே பொறுக்கவில்லை போலிருக்கிறது. சில வெள்ளிக்கிழமை விடியலில் அவள் மேல் புதுச் சேலை ஒன்று சாத்தியிருக்கும். யார் சாத்தியது என்று யாருக்கும் தெரியாது. ஐயாவு பண்டாரம் அதைக் களைந்து, வழக்கப்படி ஒரு வீட்டுக்குப் பிரசாதமாகக் கொடுப்பார். ஒவ்வொரு சேலையிலும் நகக்கண் அளவுக்கு வட்டமாய் ஒரு தையலோ இரண்டோ இருக்கும். "ஆத்தாளோட அம்மை முத்து" என்று பண்டாரம் ஒருநாள் அடித்துச் சொன்னார். அன்றிலிருந்து பெண்கள் அதைக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்கள்.

அப்படிப்பட்ட அம்மன் சன்னதியில்தான் இப்போது அந்தத் தகரப் பெட்டி. கருப்பம்மாள் விறகு பொறுக்கப் போன இடத்தில், பழைய புகைக்கொட்டகையில் கண்டெடுத்தது.

கவிழ்த்தார்கள். இரும்புத் தொப்பி ஒன்று. துணிக் குல்லாய் நாலு. பித்தளை வில்லைகள். காக்கித் தலைப்பாகை இரண்டு. ஒரு நோட்டு.

எல்லாம் தன்னுடையதுதான் என்று அப்பாவு தானே முன்னால் வந்தான். மரம் வெட்டுகிறவன், தனிக்கட்டை.

"எங்கேருந்துடா எடுத்தே?" என்றார் பத்துமலை.

"கம்பார்ல ஜப்பான்காரனும் வெள்ளைக்காரனும் போட்ட சண்டை முடிஞ்சதும் பொணம் பொதைக்க நம்ம ஆளுங்களப் புடிச்சிக்கிட்டுப் போனாங்கல்ல, அப்ப எடுத்தது ஐயா."

"ஒண்ணரை வருஷமா ஒளிச்சு வெச்சிருக்கே! ஜப்பான்காரன் பார்த்தா இந்த லயத்துல ஒரு தலை மிஞ்சுமா? எதுக்குடா உனக்கு இதெல்லாம்?"

"எந்தத் தொப்பி எந்தப் பட்டாளம், எங்க கெடந்துச்சு, போட்டிருந்த ஆளு எப்படி இருந்தான்னு வெசாரிச்சு எழுதி வெச்சிருக்கேன். பின்னால யாராச்சும் தேடி வந்தா சொல்லணும்ல?"

கூட்டம் சிரித்தது. அவனவன் மரவள்ளிக்கிழங்குக்கு அலைகிற காலத்தில் இவன் தொப்பிக்கு வரலாறு எழுதுகிறானாம்!

கங்காணிக்கு எழுத்து வாசனை கிடையாது. நோட்டைப் பண்டாரத்திடம் நீட்டினார்.

"படிங்க பண்டாரம்."

"'ஒண்ணு. இரும்புத் தொப்பி. வெள்ளைக்காரன். பாலத்துக்குக் கீழே.' 'ஆறு. தலைப்பாகை. பஞ்சாபி. ஆறு கெஜம். ஒரு ஓட்டை.' 'ஏழு. தலைப்பாகை. தாடி நரைச்ச ஆளு. ரெண்டு ஓட்டை.'"

"தலைப்பாகை மட்டும் மொத்தம் எத்தனை?"

"இருபத்தி ரெண்டு."

"இங்க ரெண்டுதானே இருக்கு? மீதி எங்கடா?"

அப்பாவு தலையைக் குனிந்துகொண்டான்.

"ஈப்போவுல வித்துத் தின்னுட்டான், வேறென்ன?" என்றாள் கருப்பம்மாள். "ஒரு வார்த்தை பேசுறானா பாரு!"

பண்டாரம் பக்கத்தைப் புரட்டினார். அடுத்த வரியைப் படிக்க வாயைத் திறந்தவர், திறந்தபடியே நின்றார். கருப்பம்மாளைப் பார்த்தார். வரிசையாக நின்ற பெண்களைப் பார்த்தார்.

பிறகு அப்பாவுவைப் பார்த்தார். அவன் யாருக்கும் தெரியாமல் தலையை மெல்ல அசைத்தான். வேண்டாம் என்று.

அதைப் படித்தால் அப்பாவுவின் தலை தப்பும்; ஆனால் பண்டாரம் இனி இந்த லயத்தில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது.

"ம், மேல படிங்க!"

"மேல... கரையான் அரிச்சிருக்கு கங்காணி. எழுத்து தெரியலை."

பத்துமலை அதற்கு மேல் கேட்கவில்லை. சயாமுக்கு ரயில் பாதை போட ஜப்பான்காரன் கேட்ட லிஸ்டில் ஓர் ஆள் குறைகிறதே என்று மூன்று நாளாக அவருக்குத் தூக்கமில்லை. தன் மச்சானின் பெயரைச் சொல்லும்படி ஆகிவிடுமோ என்று பயந்துகொண்டிருந்தார்.

"பொணத்துக்கிட்டத் திருடுனவன் நமக்குள்ள இருக்கக்கூடாது. நாளைக்குச் சயாம் லாரியில இவன் ஏறட்டும். என்னலா சொல்றீங்க?"

யாரும் மறுக்கவில்லை. சயாம் போனவன் ஒருவனும் திரும்பி வந்ததில்லை என்பது எல்லோருக்கும் தெரியும்.

"கடைசியா ஏதாச்சும் சொல்லணுமாடா?"

"பொம்பளைங்க நாளைக்கும் வெளிய தெருவ வரணும் ஐயா. அது போதும்."

"பைத்தியம்" என்றார் கங்காணி. கூட்டம் கலைந்தது.

"நோட்டை நானே எரிச்சிடுறேன்" என்று பண்டாரம் அதை இடுப்பில் செருகிக்கொண்டார். பெண்கள் பக்கம் பார்க்காமல் திரும்பிக்கொண்டார். அழுகையா, வெட்கமா என்று அவருக்கே தெரியவில்லை.

கருப்பம்மாள் சன்னதியைப் பார்த்துக் கும்பிட்டாள். முந்தானையிலிருந்த முத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"ஆத்தா, செத்தவன் துணியைத் தொட்ட பாவிய நீ சும்மா விடலை தாயே!"

பண்டாரத்தின் இடுப்பில் இருந்த நோட்டில், அவர் படிக்காமல் விட்ட வரி இதுதான்:

'பதினேழு. தலைப்பாகை. பஞ்சாபி, மீசை சரியா முளைக்காத ஆளு. நெத்திப் பக்கம் ஒரு ஓட்டை. தெச்சு, சாயம் முக்கி, அம்மனுக்குச் சாத்தியாச்சு. இப்ப கட்டியிருக்கிறது: கருப்பம்மா அக்கா.'