மூன்று மடங்கு வாடகை

கிள்ளான் முழுக்கக் கரண்ட் போய் ஒரு மணி நேரமாகிவிட்டது. ஏழு மணிக்குக் கல்யாண விருந்து. மண்டபக்காரர் தர்மலிங்கம் லோரியை எடுத்துக்கொண்டு, ஜெனரேட்டர் வாடகைக்கு விடும் பெரியண்ணன் வீட்டுக்கு ஓடினார். கொட்டகையில் ஒன்றே ஒன்றுதான் மிச்சமிருந்தது.

"அண்ணே, நாலு மடங்கு தரேன். இல்லன்னு சொல்லிடாதீங்க லா."

"எப்பவும் குடுக்கிற வாடகையே போதும், பாஸ்."

தர்மலிங்கத்தால் நம்ப முடியவில்லை. நாலு வருஷத்துக்கு முன்பும் இப்படித்தான் ஊரே இருண்டு கிடந்தது. அன்று இதே ஜெனரேட்டரைத் தரவே மாட்டேன் என்று அடம்பிடித்து, மூன்று மடங்கு என்றதும் கொடுத்தவர் இவர்.

லோரியில் ஏற்றியதும் கேட்டேவிட்டார்.

"அன்னைக்கு மட்டும் ஏண்ணே அப்படிக் கறந்தீங்க?"

பெரியண்ணன் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டே சொன்னார்.

"அன்னைக்கு இதை என் வீட்டுக்காரியோட ஆக்சிஜன் மிஷினுக்காக ஒதுக்கி வச்சிருந்தேன். கையில ஒரு சிலிண்டர் இருந்துச்சு. அது தீர்றதுக்குள்ள கரண்ட் வந்துடும்னு நம்பி, உங்களுக்குக் குடுத்துட்டேன்."



பெரியண்ணன் முடிச்சை இறுக்கினார்.

"இப்ப மெதுவாவே திருப்பிக் கொண்டாங்க, பாஸ். வீட்டுல இதுக்காகக் காத்திருக்க யாருமில்ல. அவசரமில்ல."