மூன்றாவது கார்டு

“மூணாவதையே போடுங்க தம்பி” என்றாள் பரிதா.

ஹரிஹரன் இன்னும் இரண்டாவதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தான். கிரெடிட் கார்டு விற்பதற்காகச் சேலத்திலிருந்து பைக்கில் மலையேறி வந்தவன். மூன்று கார்டுகளின் படங்களையும் கல்லாப்பெட்டியின் மேல் பரப்பி வைத்திருந்தான்.

முதல் கார்டில் செலவு செய்தால் கொஞ்சம் பணம் திரும்பி வரும். இரண்டாவதில் ஹோட்டலுக்கும் சினிமாவுக்கும் தள்ளுபடி. மூன்றாவதில் விமானப் பாயின்ட் மட்டும்தான். செலவு செய்யச் செய்யச் சேரும், சேர்ந்ததும் டிக்கெட் எடுத்துக்கொள்ளலாம். வருடக் கட்டணமும் அதற்குத்தான் அதிகம்.

பரிதாவின் கணவர் அப்துல் ரஹீமுக்கு முதல் கார்டு போதும். ஏற்காடு ஏரிப் பக்கம் காப்பித்தூளும் மிளகும் தைலமும் விற்கிறவர், கைக்கு வருவதுதான் காசு என்று நினைப்பவர். மகள் கல்யாணச் செலவு இல்லாவிட்டால் கார்டுக்காரனைக் கடைக்குள்ளேயே விட்டிருக்க மாட்டார்.

மகள் ரிஸ்வானாவுக்கு அடுத்த மாதம் நிக்காஹ். மாப்பிள்ளைக்கு மஸ்கட்டில் வேலை. கல்யாணம் முடிந்த கையோடு அவளையும் அழைத்துப் போகிறார்.

மண்டபம், துணிமணி, பிரியாணி எல்லாவற்றையும் கார்டிலேயே தேய்த்துவிடுவது, மிளகு விற்ற பணத்தில் கெடுவுக்குள் கட்டிவிடுவது. இதைப் பரிதா ஒரு வாரம் முன்பே முடிவு செய்துவிட்டாள். எந்தக் கார்டு என்பதையும் சேர்த்துத்தான்.

“பாத்தீங்களா தம்பி, பொண்ணு ஏறுறதுக்கு முன்னாடி இவ பிளைட்டுல இடம் புடிக்கிறா” என்று சிரித்தார் அப்துல் ரஹீம்.

ஏற்காட்டுக்காரர்கள் விமானத்தைக் குனிந்து பார்த்துப் பழகியவர்கள். சேலத்தில் இறங்கப் போகும் விமானம் மலைக்குக் கீழேதான் பறந்து போகும். பரிதாவும் அப்படிப் பார்த்ததோடு சரி.

அப்துல் ரஹீமுக்கு உற்சாகம் வந்துவிட்டது. உற்சாகம் வந்தால் அந்தக் கதையும் வந்துவிடும்.

“என்னை உட்டுட்டு இவளால ஒரு நாள் இருக்க முடியாதுங்க தம்பி. கட்டிட்டு வந்த புதுசுல கோவிச்சுக்கிட்டு அம்மா ஊட்டுக்குப் போறேன்னு கெளம்பினா. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயிட்டா. அப்புறம் மனசு வரல. பொழுதுக்குள்ள திரும்பி வந்துட்டா.”

சொந்தத்தில் எந்தக் கல்யாணம் நடந்தாலும் இந்தக் கதை உண்டு. நிச்சயத்தன்று சம்பந்தி வீட்டாருக்கும் சொல்லியாயிற்று. எல்லோரும் சிரிப்பார்கள், பரிதாவும் சிரிப்பாள். இன்றைக்கு அவளுக்கு வேறு வேலை இருந்தது.

“பாயின்ட்டுக்குக் கெடு இருக்குதுங்களா?”

“இந்தக் கார்டுல இல்லைக்கா. எத்தனை வருஷம் ஆனாலும் அப்படியே இருக்கும்.”

“வேற ஒருத்தர் பேருக்கு மாத்திக்கலாமுங்களா? முந்தின நாள் கேட்டாலும் டிக்கெட்டு கெடைக்குமா?”

மாற்றலாம், சீட் இருந்தால் கிடைக்கும் என்றான் ஹரிஹரன். மகளைப் பார்க்கப் போகிறவர்கள் மாதக்கணக்கில் திட்டம் போடுவார்கள். முந்தின நாள் யாரும் கேட்டு அவன் பார்த்ததில்லை.

“எப்பக்கா மஸ்கட் போறீங்க?”

“நான் எங்கயும் போகலீங்க. அங்கிருந்து இங்க வர்றதுக்கு. ஒரு வழி போதும். ரிஸ்வானா பேருல வேணும்.”

கடையின் பின்பக்கம் ரிஸ்வானா மிளகுப் பாக்கெட்டுகளுக்கு மெஷினில் சீல் வைத்துக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தம் நின்றது.

ஹரிஹரன் தனக்குத் தெரிந்ததையே கேட்டான். “என்ன தேதிக்குக்கா?”

“அந்தத் தேதி வராமலே போகட்டும் தம்பி. மாப்பிள்ளை நொம்ப நல்ல பையன். டிக்கெட்டு பாட்டுக்கு இருக்கட்டும்.” பரிதா படத்தைத் தன் பக்கம் திருப்பினாள். “டிக்கெட்டு எடுக்கறப்ப ஒரு நம்பர் வருமே, அது யார் போனுக்கு வரும்?”

“பாயின்ட் யார் பேருல இருக்கோ அவங்களுக்கு.”

“அப்ப அவ நம்பரையே குடுத்துருங்க. மாப்பிள்ளையும் வேண்டாம், நாங்களும் வேண்டாம்.”

அப்துல் ரஹீமுக்குச் சுருக்கென்றது. “நல்ல காரியம் நடக்கறப்ப இதென்ன பேச்சு? எம்பொண்ணு வரணும்னா நான் டிக்கெட்டு போட மாட்டனா?”

“போடுவீங்க. அதுக்கு அவ கேக்கணுமில்லீங்க.”

ஹரிஹரன் டேப்லெட்டில் பெயர், விலாசம் எல்லாம் பதியத் தொடங்கினான். பரிதா காப்பித்தூளைக் கரண்டியில் அள்ளித் தராசில் போட்டாள். கொஞ்சம் கூடியிருந்ததைத் திரும்ப டப்பாவில் கொட்டினாள். பிறகு கணவன் பக்கம் திரும்பினாள். குரலில் கோபம் ஏதும் இல்லை.

“ஏனுங்க, அன்னிக்கு நான் மனசு வராம திரும்பலீங்க. பஸ்ஸுக்குக் கையில காசில்லீங்க.”

பின்பக்கம் சீல் மெஷின் மறுபடியும் ஓட ஆரம்பித்தது.

கல்லாப்பெட்டி மேல் இருந்த அப்துல் ரஹீமின் போன் ஒலித்தது. கார்டுக்கு அவர் சம்மதம் கேட்டு எண் வந்திருந்தது. ஹரிஹரன் டேப்லெட்டை அவர் பக்கம் நகர்த்தினான்.

அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். ஒவ்வொரு எண்ணாகப் பார்த்து, தவறில்லாமல் அடித்தார்.