ஐந்தாவது உறை

டெண்டர் பெட்டியைப் பூட்டிய பிறகுதான், பாலத்துக்கான கம்பியின் விலையைச் சேர்க்காமலே தொகை எழுதிவிட்டது அருமைநாயகத்துக்கு நினைவு வந்தது. குறைந்த தொகை கேட்டவருக்கே வேலை. கிடைத்தால் வீட்டை விற்றுத்தான் பாலத்தை முடிக்க வேண்டும். விலகினால் கட்டிய டெபாசிட் போய்விடும், இனி எந்த டெண்டரிலும் சேர்க்கமாட்டார்கள். பொறியாளர் ஒவ்வொரு உறையாகப் பிரித்துத் தொகையை உரக்க வாசித்தார். நான்கு உறைகள் முடிந்தும் அருமைநாயகத்தின் தொகையே குறைவு. பக்கத்திலிருந்தவர்கள் முதுகில் தட்டினார்கள். "அண்ணாச்சி, இன்னைக்கு பிரியாணி உங்க செலவுதான்!" அவர் சிரித்துவைத்தார். ஐந்தாவது உறை, இளம் ஒப்பந்தக்காரன் சண்முகவேலுடையது. அருமைநாயகம் எழுதியதைவிட நாற்பதாயிரம் குறைவு.

அருமைநாயகம் எழுந்துபோய் அவன் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். தோற்றவர் யாரும் அப்படிக் குலுக்கி அந்த அலுவலகம் பார்த்ததில்லை. "என்ன அண்ணாச்சி, நீங்க ஜெயிச்ச மாதிரில்லா சந்தோசப்படுதீங்க!" என்றான் சண்முகவேல். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "நல்லாயிருப்பே, தம்பி" என்றார். சிரித்துக்கொண்டிருந்த சண்முகவேல், கையை அவரிடமே விட்டுவிட்டு, மேசையில் பிரிந்து கிடந்த தன் தாளை மெல்லத் திரும்பிப் பார்த்தான்.