கேசட் செட்டுக்கு புளூடூத்

எஸ்டேட்டில் யார் செத்தாலும் சவப்பெட்டியை ஏற்றுவது அமிர்தநாதனின் பழைய ஜீப்தான். கல்லறை வரை அவர் பாடிக்கொண்டே ஓட்டுவார். பின்னால் வரும் சனம் சேர்ந்து பாடும்.

அந்த ஜீப்பின் கேசட் செட்டுக்கு புளூடூத் வேண்டும் என்று வந்து நின்றார்.

வண்டிப்பெரியாரில் ஸ்டீரியோ கடை வைத்திருக்கும் வினோ சிரித்தான். "பெட்டி ஏத்துற வண்டிக்கு எதுக்கு மாமா சினிமாப் பாட்டு?"

"கடைசியா நடந்து வர்ற ஆளுக்கும் கேக்கணும், அவ்வளவுதான்."

வினோ ஒயரைச் சேர்த்துவிட்டு அவர் போனை வாங்கினான். சினிமாப் பாட்டு ஒன்றுகூட இல்லை. வெறும் ஆள் பெயர்கள். முதல் பெயரைத் தொட்டான். அடக்கப் பாட்டு, அவர் குரலில்.

"நீங்களே பாடுவீங்களே மாமா, பதிவு எதுக்கு?"

அவர் தொண்டையைத் தடவினார். "திங்கக்கிழமை கோட்டயத்துல ஆபரேஷன். குரல்வளையையே எடுத்துருவாங்களாம். 'என் அடக்கத்துக்கு நீதான் பாடணும்'னு இவங்கல்லாம் சொல்லி வச்சிருக்காங்க. அவங்கவங்களுக்குப் பிடிச்ச பாட்டைக் கேட்டுப் பாடி வச்சிட்டேன்."

வினோ பெயர்களைப் பார்த்தான். எல்லோரும் எஸ்டேட் லயத்து வீடுகளில் உயிரோடு இருப்பவர்கள். கடைசிப் பெயர், சிசிலி. வீட்டில் அவனுக்கு மத்தியானச் சோறு ஆக்கிக்கொண்டிருக்கும் அம்மா.

"அதுவும் சரியாக் கேக்குதான்னு பாத்துருய்யா."

வினோ செட்டை அணைத்தான்.

"கேக்கும் மாமா. நல்லாவே கேக்கும்."