கத்தியின் மறுமுனை

நர்ஸ் போனை வைத்தபோது மணி பத்து ஐம்பது. பதினொரு மணிக்கு மீன் வெட்ட வேண்டும்.

ஆஸ்பத்திரியில் இருந்த என் அக்கா போய்விட்டாள் என்றார் நர்ஸ். மாமா போனை எடுக்கவில்லையாம், அதனால் அடுத்த நம்பருக்குக் கூப்பிட்டாராம். யாராவது வந்து கையெழுத்துப் போட வேண்டுமாம். எத்தனை மணிக்கு என்று கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

கடையின் கீழ்த்தளத்தில் மீன் வெட்டுவதை வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடிவிட்டது. மேஜையில், ஐஸ் மேல், சூரை மீன் கிடந்தது. நூற்று முப்பது கிலோ. என்னைவிட நீளம்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் மாமா, அதாவது அக்கா வீட்டுக்காரர், வெட்டுவார், நான் மைக்கில் பேசுவேன். வீட்டில் எனக்கு வாயாடி என்று பெயர். அந்த வாய்க்குத்தான் இந்த வேலையே கிடைத்தது.

ராத்திரி ஆஸ்பத்திரியில் துணைக்கு இருந்தவர் மாமாதான். விடிந்ததும் அக்கா அவரை விரட்டிவிடுவாள், குளித்துவிட்டுத்தான் வேலைக்குப் போக வேண்டும் என்று. அவர் கிளம்பின பிறகுதான் நடந்திருக்க வேண்டும். பாவம், மனுஷனுக்கு ஒன்றும் தெரியாது.

கத்தியை எடுப்பதற்கு முன்னால் சொல்லிவிடலாம் என்று வாசலையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஆளைக் காணோம். பதினொன்று அடித்ததும் மேனேஜர் மைக்கை என் கையில் திணித்துவிட்டார்.

பேசினேன். என்ன பேசினேன் என்று கேட்டால் தெரியாது. முன்வரிசை சிரித்தது, நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் மாமா பின்கதவு வழியாக வந்து, ஏப்ரனை மாட்டி, கத்தியை எடுத்துவிட்டார். கூட்டம் கை தட்டியது.

இனி சொல்ல முடியாது. போன வருஷம் இப்படித்தான், வெட்டிக்கொண்டிருக்கும்போது யாரோ வந்து, உங்க அப்பா விழுந்துட்டாரு என்று மாமா காதில் ஓதிவிட்டுப் போனார்கள். இடது சுண்டுவிரலில் பாதி போயிற்று. இன்றைக்கு அவர் கையிலிருந்து கத்தி இறங்கும்வரை நான் வாயைத் திறக்கக் கூடாது. அதாவது, வாயை மூடவும் கூடாது.

செதில், துடுப்பு, பிறகு தலை. ரம்பம்போல் பல் வைத்த கத்தியால் அறுத்து, தலையை இரண்டு கையாலும் தூக்கிக் காட்டினார். எல்லோரும் போட்டோ எடுத்தார்கள்.

இந்த இடத்தில் எனக்கு ஒரு ஜோக் உண்டு. வாராவாரம் வருகிறவர்கள் அதற்காகவே காத்திருப்பார்கள். சொல்லாமல் விட்டால் மாமாவுக்குச் சந்தேகம் வந்துவிடும்.

“இவ்ளோ பெரிய மீனுக்கே பயப்படாத மனுஷன்ங்க. எங்க அக்கா முன்னால ஒரு வெங்காயம் நறுக்கச் சொல்லுங்க, கை உதறும்.”

மாமா வழக்கம்போலக் கையை உதறிக் காட்டினார். வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகவே உதறினார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. மைக்கைத் தள்ளிப் பிடித்து இருமினேன்.

அடுத்தது நீளக் கத்தி. ஆளைவிடக் கொஞ்சம்தான் குட்டை. முதுகெலும்பை ஒட்டி அது போகும்போது மறுமுனையைத் துணி சுற்றி யாராவது பிடிக்க வேண்டும். அந்த யாராவது நான்தான். மைக்கை ஸ்டாண்டில் மாட்டிவிட்டு அவருக்கு எதிரே போய் நின்றேன். நடுவில் மீன். அவர் முகத்தைப் பார்த்தால் உடைந்துவிடுவேன் என்று கத்தியையே பார்த்தேன். அவரும் நிமிரவில்லை.

கத்தி சீராகப் போகவில்லை, ஆடியது. என் பக்கம்தான் ஆடுகிறது என்று நினைத்து இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

மீன் நான்கு நீளத் துண்டங்களாக இறங்கியது. எலும்பில் ஒட்டியிருக்கும் சதையைக் கரண்டியால் வழித்து, முன்னால் நிற்பவர்களுக்குப் பச்சையாகவே ருசி பார்க்கக் கொடுப்பது கடைசி வேலை. ஐந்து நிமிஷம் போதும். மாமா இருபது நிமிஷம் வழித்தார். எலும்பில் ஒன்றுமே மிச்சமில்லை, அப்புறமும் வழித்துக்கொண்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அங்கே அக்கா தனியாகக் கிடக்கிறாள், இங்கே இந்த மனுஷன் எலும்புக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருக்கிறார். எனக்கோ பேச்சு தீர்ந்துவிட்டது. அரை மணி நேரத்துக்கு முன்னால் சொன்னதையே திரும்பச் சொன்னேன், யாரும் கவனிக்கவில்லை.

ஒருவழியாகக் கரண்டியை வைத்தார்.

கூட்டம் மீன் பாக்கெட் வாங்க வரிசைக்குப் போனது. நான் முதல் காரியமாகக் கத்திகளை எல்லாம் பொறுக்கி அவர் கைக்கு எட்டாத அலமாரியில் வைத்தேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. பின்னால் தொட்டியில் கை கழுவிக்கொண்டிருந்தார்.

மாமா என்று ஆரம்பித்தேன். அவர் குழாயை மூடினார். மைக்கை அணைத்துவிட்டாயா என்று கேட்டார். தலையாட்டினேன்.

“அக்கா ஒன்பதரைக்குப் போயிட்டாம்மா. நான் பக்கத்துலதான் இருந்தேன். போன்ல சொல்லக் கூடாது, நேர்ல சொல்லணும்னு கையெழுத்துக்கூடப் போடாம ஓடி வந்தேன். வந்து பார்த்தா நீ சிரிச்சுக்கிட்டு நிக்கிற. சரி, இன்னும் கொஞ்ச நேரம் சிரிக்கட்டும்னு விட்டுட்டேன்.”

அப்போதுதான் கேட்கிறவளைப் போல அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன். நடிக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. மாமா ஈரக் கையை என் தலையில் வைத்துக்கொண்டு நின்றார்.

எனக்கு முன்பே தெரியும் என்று இதுவரை அவரிடம் சொல்லவில்லை. அந்த ஒரு மணி நேரத்தை எனக்குக் கொடுத்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறார். நினைத்துக்கொண்டு போகட்டும்.